பத்து முறை கேட்கும் அக்கா

அந்த அக்கா நல்லவரா, கல்நெஞ்சக்காரரா என்று யாராவது கேட்டால் நான் திருதிருவென்று முழிப்பேன். ஆறு வருடம் பழகியிருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே பைத்தியம். இருந்தும் தெரியவில்லை. பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகும்.

பைத்தியம் என்றது ரேடியோவை. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஏரியல் கட்டி, நம்மைப் போலவே லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொருவரோடு பேசுகிற ரேடியோ. எங்களுக்குப் பேச்சுகூட இரண்டாம்பட்சம்தான். எழுத்து அனுப்புவோம். லேப்டாப்பில் தட்டினால் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி அதைக் கரகரவென்று ஒரு சத்தமாக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும். எழுத்து துண்டு துண்டாகப் போகும். அந்தப் பக்கத்துப் பெட்டி ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்து, கிடைத்தது என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் நம் பெட்டி அதே துண்டை அப்படியே மறுபடி அனுப்பும். பத்து முறை பார்க்கும். அப்புறம் தொடர்பை அறுத்துக்கொள்ளும். கையில் போன் இருக்கும்போது இது எதற்குடா என்று என் அம்மா கேட்காத நாள் கிடையாது. நான் பதில் சொன்ன நாளும் கிடையாது.

அக்கா அந்தப் பெட்டியோடு பழகிப் பழகி அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால்தான் பெட்டி அவருக்குப் பிடித்ததா என்பது எனக்கு முதல் குழப்பம்.

நாங்கள் சந்தித்ததே ரயிலில்தான். சென்னையில் லைசென்ஸ் பரீட்சை எழுதிவிட்டு கும்மிடிப்பூண்டி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மடியில் நான் வைத்திருந்த அதே புத்தகம்.

"தம்பி, நீயும் அதுக்குத்தான் போய்ட்டு வரியா?"

நான் தலையாட்டினேன்.

"தம்பி, நீயும் அதுக்குத்தான் போய்ட்டு வரியா?"

காது கேட்காதோ என்று நினைத்து இன்னும் பலமாகத் தலையாட்டினேன். மூன்றாவது முறையும் அதே கேள்வி, அதே குரல், கொஞ்சம்கூட ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஆமாக்கா! அதுக்குத்தான்!"

"அப்டி வாயால சொல்லு. தலைய ஆட்டுனா நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

பேச்சுக் கொடுத்ததில் இருவரும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனிதான் என்று தெரிந்தது. பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. அவர் சென்சார், மீட்டர் பார்க்கிற டெக்னீஷியன், அப்போதே நிரந்தரம். நான் மெயின்டனன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பரீட்சையில் அவர் தேறினார். நான் அடுத்த தடவைதான் தேறினேன்.

கம்பெனியில் அவரிடம் மாட்டாத ஆள் இல்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் "கெடைச்சுதா?" என்பார். கிடைத்தது என்று வாய்விட்டுச் சொல்லும்வரை நகரமாட்டார். சொல்லிவிட்டால் தீர்ந்தது, அந்த விஷயத்தைப் பிறகு எடுக்கவே மாட்டார். செய்தாயா என்று கேட்கமாட்டார். ஏன் செய்யவில்லை என்றும் கேட்கமாட்டார். கேண்டீன்காரர் இவர் வருவதைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே "கெடைச்சுது கெடைச்சுது, சக்கர கம்மி!" என்று கத்துவார்.

ஒரு நாள் மூன்றாம் நம்பர் மிஷினில் சூடு காட்டுகிற சென்சார் தப்பாகக் காட்டியது. அக்கா போய் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னார். இன்சார்ஜ் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னார். அவர் டீ குடித்தார், பேப்பர் புரட்டினார், அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். அக்கா பின்னாலேயே போய், "சார், மூணாம் நம்பர் மிஷின்ல ஹீட்டர் சென்சார் தப்பா காட்டுது. கெடைச்சுதா?" என்று ஒரு எழுத்து மாறாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாவது முறை சொல்லிவிட்டுத் திரும்பி வந்து தன் வேலையைப் பார்த்தார். மறுநாள் காலை அந்த மிஷினில் பிளாஸ்டிக் கருகி லைனே நின்றுவிட்டது.

"சொல்லிருக்கலாம்லமா?" என்று இன்சார்ஜ் எகிறினார்.

"பத்து தடவ சொன்னேன் சார்."

"பதினோராவது தடவ சொன்னா கொறஞ்சா போயிருப்ப?"

"ஆமா சார்."

நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வந்தது. "இன்னாக்கா நீ, எவன் மேலயாவது சுட்டிருந்தா இன்னா பண்ணுவ? உன் கணக்கு பத்தோட முடிஞ்சிடுமா?" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அங்க நிக்கிற ரெண்டு பொண்ணுங்களையும் நேத்தே அஞ்சாம் நம்பருக்கு மாத்திட்டேன்பா" என்றார். அதை இன்சார்ஜிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்காவிட்டால் என்னிடமும் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் வீடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் மாடியில் ஏரியலைத் திருப்பிக்கொண்டிருப்பார். நான் பொன்னேரியில் என் மாடியில் இருப்பேன். சில ஞாயிறு அங்கேயே போய்விடுவேன். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல தமாஷ் பேர்வழி. ஒருமுறை எனக்கு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க ஊட்ல சண்டையே கெடையாது தம்பி. ஒரு விஷயம் சொல்லுவா. நான் கெடைச்சுதுன்னுவேன். முடிஞ்சுது."

"அப்புறம் இன்னாண்ணா கஷ்டம்?"

"நான் அத்த செய்யலன்னு வெச்சுக்கோ. ஒன்னியும் கேக்கமாட்டா. சோறு போடுவா, சிரிப்பா, எல்லாம் பண்ணுவா. நமக்குதான் உள்ள கெடந்து பேஜாரா இருக்கும். திட்டிட்டா தேவலன்னு ஆயிடும்பா."

அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. கம்பெனி பஸ் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிட்டதால் நான் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். பழைய ஆட்டோ பேட்டரியில் ரேடியோவை ஓட்டினோம். பழவேற்காட்டில் வலை, கயிறு விற்கிற பாய் ஒருவர் உண்டு. அவரும் எங்கள் கூட்டம்தான். காலை ஒன்பது மணி இருக்கும், அவர் பெட்டியிலிருந்து எழுத்து வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பேரும் நலம். மருமகன் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு லாட்ஜில் இருக்கிறார், சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

முழங்கால் தண்ணீரில் இருவரும் போனோம். அக்கா லாட்ஜ் வாசலில் நின்றபடியே பாய் எழுதியதை அப்படியே சொன்னார். அந்த ஆள் ஓவென்று அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கெடைச்சுதாங்க?" என்றார் அக்கா.

அவர் அழுதுகொண்டே இருந்தார்.

"பொண்ணு பொறந்துருக்கு. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க. கெடைச்சுதாங்க?"

நாலு முறை. கடைசியில் அந்த மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "கெடைச்சுதுக்கா" என்றதும் அக்கா குடையைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

"ஒரு வாழ்த்து சொல்லிருக்கலாம்லக்கா?"

"பாய் எழுதுனதுல வாழ்த்து இல்லியே."

இப்படிப்பட்ட ஆள். ஆனால் அடுத்த மாதம் பாயைப் பார்த்தபோது அவர் சொன்னார், அக்கா குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாராம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

இனிமேல் என் கதை. எங்கள் கம்பெனியில் போன், கேமரா, ரேடியோ எதுவும் கேட்டுக்கு உள்ளே போகக் கூடாது. போனை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஒரு வியாழக்கிழமை நான் கையில் பிடித்துப் பேசுகிற சின்ன ரேடியோ செட் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தேன். சாயங்காலம் ஸ்டேஷனில் பாயிடம் கொடுக்கவேண்டியது. வாசலுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. மரப்பெட்டியில் போட்டால் செக்யூரிட்டி நூறு கேள்வி கேட்பான். ஆம்பளைகள் வரிசையில் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். பொம்பளைகள் வரிசையில் டிபன் பையை மேலோட்டமாகத் திறந்து பார்ப்பதோடு சரி.

"அக்கா, இத்த உன் பையில வெச்சுக்கோயேன். சாய்ந்தரம் வாங்கிக்கறேன்."

"உள்ள கொண்டு போவக் கூடாதே."

"ஒரே ஒரு நாளுக்கா. எனக்கு இன்னும் ஒரு மாசத்துல கன்பர்ம் பண்ணப் போறாங்க. இப்பப் போய் மாட்டிக்கினா அவ்ளோதான்."

அக்கா சோதனை வரிசையைப் பார்த்தார். நான் அவர் குரலிலேயே, "கெடைச்சுதா?" என்று கிண்டலாகக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"கெடைச்சுது" என்று வாங்கி டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கென்று பெண்கள் உடை மாற்றும் அறையில் திடீர் சோதனை. மத்தியானம் டீ நேரத்தில் கேண்டீனே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. வயர்லெஸ் செட் பிடித்துவிட்டார்களாம், வேறு கம்பெனிக்கு உளவு சொல்கிறாளாம், போலீஸ் வருகிறதாம். யாருடையது என்று கேட்டதற்கு அக்கா, "என்னுது இல்ல. யாருதோ அவங்களே வந்து சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். அக்காவை உட்கார வைத்திருந்த செக்யூரிட்டி அறை கேண்டீனிலிருந்து நாற்பது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். நான் போகவில்லை. டீ ஆறிப்போன பிறகும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

விசாரணை முடியும்வரை அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள். அவர் எனக்கு போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. செய்தால் என்ன சொல்வது?

என் பெட்டியை நான் எப்போதும் அணைப்பதில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அது வருகிற எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கிடைத்தது என்று தானாகவே பதில் அனுப்பிவிடும். படிக்காத செய்தி இருந்தால் முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு மினுக்கியது. பாய் காற்று, மழை ஏதாவது அனுப்பியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறக்கவில்லை. திங்கள் மினுக்கியது. செவ்வாயும் புதனும் மினுக்கியது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தூசி என்பேன்.

வெள்ளிக்கிழமை திறந்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய ஒரே வரி. "வியாழன் காலை பத்து மணி விசாரணை. செட் உன்னுதுன்னு சொல்ல வா." அவ்வளவுதான். ஐயோ, முந்தின நாளே வியாழன் முடிந்துவிட்டிருந்தது. பத்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மோட்டாருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் அக்காவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஒன்பது வருட சர்வீஸ். அதற்கு அடுத்த வாரம் என்னை கன்பர்ம் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். எப்படியும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா சமையல்கட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. சாப்ட்டியா?"

இப்போது பஜார் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகிறாராம். அவர் விரல்களில் வெடிப்பு விட்டிருந்தது. நான் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"அக்கா, நீ அனுப்புனத நான் பாக்கவே இல்லக்கா."

"ம்."

"பொட்டி தானா பதில் சொல்லிடுச்சு. நான் ஊட்ல இல்லன்னாலும் அது சொல்லும். உனக்கே தெரியும்ல?"

"தெரியும்பா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. "தெரிஞ்சுமா அத்த நம்புன? ஊர்ல ஒருத்தன விடமாட்ட, பத்து தடவ கேப்ப. எங்கிட்ட மட்டும் ஒரு வாட்டி சொல்லிட்டு உட்டுட்டியே! ஒரு போன் போட இன்னா உனக்கு?" என்று கத்தினேன். தப்பு செய்தவன் நான், கத்துகிறவனும் நான். நல்ல கூத்து.

அக்கா உரித்த இறாலைச் சட்டியில் போட்டார்.

"போன் போட்டா நீ வந்துருப்ப."

"ஆமா, வந்துருப்பேன்!"

"அதான் போடல."

இந்த ஒரு பதிலைத்தான் நான் ஒரு வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானாக வரவேண்டும் என்று நினைத்தாரா? அப்படியென்றால் ஏன் எழுதி அனுப்பினார்? வந்தால் என் வேலை போய்விடும் என்று எனக்கு ஒரு வழி விட்டு வைத்தாரா, பார்க்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளட்டும் என்று? அந்த இரண்டு பெண்களையும் ஐந்தாம் நம்பருக்கு மாற்றியதுபோல என்னையும் ஓரமாக மாற்றி வைத்தாரா? இல்லை, இவன் எப்படிப்பட்டவன் பார்ப்போம் என்று ஆழம் பார்த்தாரா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் இன்னொன்று. ஆழம் பார்த்தார் என்று படும் நாளில் அவர்மேல் ஆத்திரம் வருகிறது. வழி விட்டு வைத்தார் என்று படும் நாளில் சோறு இறங்குவதில்லை.

அன்றைக்கு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, பொய் சொன்னேன். வெளக்கப் பாத்தேன். ஞாயித்துக்கெழமயே பாத்தேன். வேணும்னுதான் தொறக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. ரயிலில் முதல் நாள் பார்த்தாரே, அந்தப் பார்வை மாதிரியும் இல்லை. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

"அத்த எங்கிட்ட சொல்லி இன்னாபா பண்றது? கேக்கவேண்டியவங்க தேர்வாய்ல கீறாங்க" என்றார். பிறகு, "கை கழுவு, கொஞ்ச நேரத்துல கொழம்பு ஆயிடும்" என்றார். சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஏதாவது கேட்பார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்லவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். சார், அந்த செட் என்னுடையது, அவர்மேல் தப்பில்லை. இரண்டே வரி. ஷிப்டுக்குக்கூடப் போகாமல் நேராக மாடி ஏறி அலுவலகத்துக் கதவைத் தட்டினேன். நிர்வாக அதிகாரி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னப்பா?"

நான் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என்னப்பா, சொல்லு?"

"சார்... ஷூ பிஞ்சிடுச்சு சார்."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். ஷூ நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனிதர் நல்லவர், ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்டோரில் ஒன்பதாம் நம்பர் புது ஷூ கொடுத்தார்கள். இன்று காலையும் அதைப் போட்டுக்கொண்டுதான் தேர்வாய் பஸ் ஏறினேன்.